மலைநாட்டில் பழைய மரப் பாய்ப்படகைப் புதுப்பித்தல்: முழுமையான வழிகாட்டி

கடலில் கிடக்கும் மரப்படகைக் கப்பற்புழு துளைத்துத் தின்னும். இலங்கை மலைநாட்டின் காசல்ரீ நீர்த்தேக்கத்திலோ கிரகரி வாவியிலோ அந்தப் பயம் இல்லை, நன்னீரில் அந்தப் புழு பிழைக்காது. ஆனால் கடலோரப் படகுக்கு இருக்கும் ஒரு பாதுகாப்பும் இங்கே கிடையாது. உப்பு ஊறிய மரத்தில் உக்கல் பூஞ்சணம் எளிதில் பிடிக்காது. மழைநீர் ஊறிய மரத்தில் விருந்துக்கு வந்ததுபோல் குடியேறிவிடும். ஆகவே மலைநாட்டில் படகைப் புதுப்பிக்க இறங்குகிறவர் கீழிருந்து கசியும் நீரைவிட மேலிருந்து சொட்டும் நீரைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இந்த வழிகாட்டியின் பாதிக்கு மேல் அந்த ஒரு சங்கதியைப் பற்றியதுதான்.

இங்கே நான் மனத்தில் வைத்திருப்பது 12 முதல் 16 அடி வரை நீளமுள்ள, பலகையின் விளிம்பு பலகைமேல் ஏறிப் படியும்படி செப்பாணி அடித்துக் கட்டிய பழைய பாய்ப்படகு. பங்களாக் கொட்டில்களிலும் கிளப்புகளின் பின்புறத்திலும் உடைந்த நாற்காலிகளுக்கு அடியில் இப்படி ஒன்று எப்போதாவது அகப்படும். பெரிய உல்லாசப் படகுக்கும் முறை ஏறக்குறைய இதுதான். செலவும் ஆள்பலமும்தான் பல மடங்கு.

காலத்தைப் பார்த்துத் தொடங்குங்கள்

ஹட்டன், டிக்கோயா, மஸ்கெலியா பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடிமழை. ஜனவரி முதல் மார்ச் வரைதான் ஓரளவு வறண்ட காலம். பதுளை, பண்டாரவளைப் பக்கத்தில் கணக்கு மாறும். அங்கே வடகீழ்ப் பருவமழைதான் ஆண்டிறுதியில் கொட்டித் தீர்க்கும்.

ஆகவே மேற்குச் சரிவில் இருப்பவர் மரவேலையை மழைக்காலத்தில் கூரைக்கடியில் வைத்துக்கொண்டு, பூச்சு வேலையை ஜனவரிக்குப் பின் ஒதுக்குவது நல்லது. ஜூலையில் வார்னிஷ் அடிக்கத் துடிப்பவரை யாராவது கையைப் பிடித்து நிறுத்த வேண்டும்.

கணக்கு எளிது. மரத்தின் ஈரம் 20 விழுக்காட்டைத் தாண்டினால் உக்கல் பூஞ்சணம் வளரத் தொடங்கும். காற்றின் ஈரப்பதன் 85, 90 விழுக்காடு என்று வாரக்கணக்கில் நின்றால், கூரைக்கடியில் இருக்கும் மரமே 18 முதல் 20 வரை ஈரத்தை இழுத்துக்கொள்ளும். எல்லைக்கோட்டில்தான் நிற்கிறோம். ஒரு சொட்டு ஒழுக்கு போதும். ஈரமானி ஒன்று வாங்குங்கள். இந்த வேலையில் நீங்கள் வாங்கும் கருவிகளில் அதுதான் முதலில் தன் விலையைத் திருப்பித் தரும்.

கொட்டிலுக்கு நான்கு பக்கமும் சுவர் தேவையில்லை. தகரக் கூரையும் சாரல் அடிக்கும் பக்கத்தில் ஒரு படங்கும் போதும். காற்று ஓட வேண்டும். படகைத் தரையிலிருந்து இரண்டடி உயர்த்தி, ஏராக்கட்டையின் (படகின் அடியில் நீளவாட்டில் ஓடும் முதுகெலும்புக் கட்டை) முழு நீளத்திற்கும் சம மட்டத்தில் தாங்கல் கொடுங்கள். முன்னும் பின்னும் மட்டும் முட்டுக் கொடுத்தால் நடுவில் தொய்யும். தொய்ந்த படகை நிமிர்த்துவது பெரும்பாடு. பல ஆண்டு ஈரத்தில் கிடந்த படகை வெயிலில் இழுத்துப் போடவும் கூடாது. வேகமாகக் காய்ந்தால் பலகை வெடிக்கும்.

குத்திப் பார்த்தல்

பூச்சைத் தொடுமுன் ஒரு கோணி ஊசியும் சிறு மரச்சுத்தியலும் எடுத்துக்கொண்டு படகைச் சுற்றி வாருங்கள். நல்ல மரம் தட்டினால் கணீரென்று ஒலிக்கும். உக்கிய மரம் மொத்தென்று அமுங்கும். ஊசி கஷ்டப்பட்டு நுழைந்தால் நல்லது. வெண்ணெயில் போவதுபோல் போனால் அங்கே சோக்கட்டியால் வட்டம் போடுங்கள்.

நடுப்பக்கம் பார்க்கவே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் நோய் இருக்கும் இடங்கள் எப்போதும் ஒன்றேதான். அணியக் கட்டை (படகின் முன்முனைக் கட்டை) ஏராவைச் சந்திக்கும் மூலை, பின்பலகையின் கீழ் விளிம்பு, பாய்மரம் ஊன்றும் குழி, நடுப்பலகைப் பெட்டியின் (படகு பக்கவாட்டில் நழுவாமல் நீருக்குள் இறக்கும் பலகையின் கூடு) அடி, ஏராவை ஒட்டிய முதல் பலகை, விளிம்புக் கட்டைக்கும் மேற்பலகைக்கும் இடைப்பட்ட சந்து. எல்லாமே மழைநீர் இறங்கி வெளியேற வழியின்றி நிற்கும் இடங்கள். கவிழ்த்து வைத்த படகென்றால் ஏராவின் பக்கம் தப்பியிருக்கும். நிமிர்த்தி வைத்து, இலையும் சருகும் நிறைந்து கிடந்ததென்றால் முதல் பலகை போய்விட்டது என்றே எடுத்துக்கொள்ளலாம்.

முடிவெடுக்கும் நேரம் இதுதான். ஏரா, அணியக் கட்டை, பின்பலகை மூன்றும் சேர்ந்து உக்கிப் போயிருந்தால், புதுப்பித்தல் என்ற பெயரில் புதுப் படகொன்றைக் கட்டுகிறீர்கள் என்பதை ஒப்புக்கொள்ளுங்கள். அதில் தவறில்லை. ஆனால் அதற்கான காசும் காலமும் வேறு.

வடிவத்தைப் பூட்டுதல்

பலர் தாவிச் செல்லும் கட்டம் இது. பழைய வங்குகளை, அதாவது விலா எலும்புபோல் உள்ளே வளைந்து நிற்கும் சட்டங்களை, எல்லாம் ஒரே நாளில் கழற்றி எறிந்தால் படகு பிளந்துகொண்டு படுத்துவிடும், பிறகு அதன் பழைய அழகு திரும்பாது. முதலில் உள்ளே மூன்று அல்லது நான்கு இடங்களில் குறுக்களவு எடுத்து, அந்த வளைவுக்கு ஒட்டுப்பலகையில் அச்சு வெட்டி இறுக்கிப் பொருத்துங்கள். விளிம்பிலிருந்து விளிம்புக்குக் கட்டை அடியுங்கள். எல்லா மூலையையும் படம் எடுங்கள். கழற்றும் ஒவ்வொரு துண்டுக்கும் எண் எழுதிய அட்டை கட்டுங்கள். உக்கிய துண்டையும் வீசாதீர்கள், புதிய துண்டுக்கு அதுதான் அளவு. அதன் பிறகு ஒரு நேரத்தில் ஒரு வங்கு, ஒரு நேரத்தில் ஒரு பலகை.

பழைய பூச்சை எடுத்தல்

பழைய பெயின்டில் ஈயம் இருக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். தீச்சுடர் காட்டி உரிக்காதீர்கள். உலர் அரத்தாளால் தேய்த்துப் புழுதி கிளப்பாதீர்கள். ஈரமாக்கிச் சுரண்டி, முகமூடி அணிந்து, சுரண்டல் முழுவதையும் படங்கில் பிடித்துக் கட்டி அப்புறப்படுத்துங்கள். பிள்ளைகள் ஓடித் திரியும் லயன் முற்றத்தில் இந்த வேலை வேண்டவே வேண்டாம்.

மரம் தேடுதல்

பெரும்பாலும் பழைய படகு தேக்கிலோ மஹோகனியிலோ இருக்கும். அதே மரம் கிடைத்தால் அதுவே உத்தமம். பழைய வீடு இடிக்கும் இடத்தில் கிடைக்கும் தேக்கு உத்தரம் புதிய தேக்கைவிட நன்கு பதப்பட்டிருக்கும். ஆணித் துளைகளை விலக்கி அறுத்தால் சரி.

கைக்கு எட்டும் மரங்களைப் பற்றி என் கருத்து இது. தோட்டத்து நிழல் மரமான கிரவிலியா, அதாவது சபுக்கு, தளபாடத்துக்கு அழகு. ஈரத்தில் நிற்காது, படகுக்கு வேண்டாம். மத்திய மலைநாட்டில் வளரும் தூனா இலேசானது, வேலைக்கு இணங்குவது, பலகைக்கு நன்றாகப் பொருந்தும். நுவரெலியாவைச் சுற்றி நட்ட சைப்ரஸில் கணுக்குறைந்த துண்டு கிடைத்தால் விடாதீர்கள். அதே இன மரத்தை நியூசிலாந்தில் படகுப் பலகைக்குப் பயன்படுத்தியிருக்கிறார்கள். வளைக்க வேண்டிய வங்குகளுக்கு வறண்ட வலயத்து ஹல்மில்ல. முறியாமல் நெகிழும் குணத்துக்காக வண்டிக் கட்டைக்கும் எண்ணெய்ப் பீப்பாய்க்கும் போன மரம் அது. சென்னைக் கரையின் மசூலாப் படகுகளுக்கும் திருகோணமலையிலிருந்து இதே மரம்தான் கப்பலேறியது.

மரம் விற்கும் அரசாங்க நிறுவனமான அரச மரக் கூட்டுத்தாபனத்தில் வாங்கினால் பற்றுச்சீட்டும் கொண்டுசெல்லும் அனுமதியும் ஒழுங்காகக் கிடைக்கும். சொந்தத் தோட்டத்துப் பலாவைத் தறிப்பதென்றாலும் 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி அனுமதி வேண்டும். லொறியில் ஏற்றிய பிறகு இதை நினைத்துப் பயனில்லை.

தச்சரைப் பற்றியும் ஒரு வார்த்தை. மலைநாட்டில் படகுத் தச்சர் இல்லை என்று கை விரிக்கிறார்கள். கூரை வேலை செய்யும் நல்ல தச்சுப் பாஸ் ஒருவர் போதும், அளவைக் காட்டிக் கொடுத்தால் கை தானாக வரும். சந்தேகம் வந்தால் கொழும்பிலோ வெளிநாட்டிலோ நிபுணரைத் தேடுமுன் வடக்கே ஒரு தொலைபேசி அழைப்பு விடுங்கள். வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அட்லாண்டிக்கைக் கடந்து அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. அந்தக் கரையில் தோணி வேலை தெரிந்த முதியவர்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டால் பாதிச் செலவு மிச்சம்.

வங்கு வளைத்தல்

எட்டடி நீளப் பலகைப் பெட்டி ஒன்று, ஒரு முனையில் சாக்குத் திரை. அடியில் தண்ணீர்ப் பீப்பாய், விறகடுப்பு. பீப்பாயிலிருந்து பெட்டிக்குக் குழாய். பெட்டியைச் சற்றுச் சரித்து வைத்து, தாழ்ந்த முனையில் நீர் வடிய ஒரு துளை. நீராவிப் பெட்டி அவ்வளவுதான்.

ஓரங்குலத் தடிப்புக்கு ஒரு மணி நேரம் என்பது எல்லோரும் சொல்லும் கணக்கு. அது கடல்மட்டத்துக் கணக்கு. 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் தண்ணீர் சுமார் 94 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடும். ஹட்டனில் 96 பாகை அளவில். நீராவியும் அதே சூட்டில்தான் வரும். ஆகவே நேரத்தைக் கூட்டிக் கொடுங்கள். அதே தடிப்பில் ஒரு மாதிரித் துண்டைக் கூடவே வைத்து, அதை வளைத்துப் பார்த்தபின் உண்மையான வங்கை எடுங்கள். மரம் பச்சையாக இருப்பது இங்கே நன்மை. சூளையில் உலர்த்திய மரம் எவ்வளவு ஆவி காட்டினாலும் அடம்பிடிக்கும்.

பெட்டியிலிருந்து எடுத்தபின் உங்களுக்கு இருப்பது அரை நிமிடம். அதற்குள் கனத்த கையுறையோடு படகுக்குள் இறக்கி, அடியில் மிதித்துப் படியவைத்து, விளிம்பில் கிளாம்ப் போட்டுவிட வேண்டும். ஆட்கள் மூவர் வேண்டும், பேச்சு வேண்டாம். முறிந்தால் எடுத்துப் போட்டுவிட்டு அடுத்ததை எடுங்கள். தேவைக்கு மேல் கூடுதலாகச் சில துண்டுகளை அறுத்து வைப்பது வழக்கம், முறியாத நாள் என்று ஒன்று கிடையாது.

செப்பாணி அடித்தல்

இந்தப் படகின் உயிர் செப்பாணிகளில் இருக்கிறது. அதனால் சற்று நின்று சொல்கிறேன்.

சதுர உடல் கொண்ட செப்பாணி, அதன்மேல் ஏறும் கூம்பு வடிவச் செப்பு வில்லை. இரண்டும் ஒரு சோடி. பலகை இரண்டையும் சேர்த்து ஆணியைவிடச் சிறிது ஒடுங்கிய துளை போடுங்கள். வெளியிலிருந்து ஆணியை அடித்து நுழையுங்கள், தலை பலகையோடு படிய வேண்டும். இப்போது ஒருவர் வெளியே ஆணித்தலையில் கனத்த இரும்புக் கட்டியை அழுத்திப் பிடிக்கிறார். உள்ளே இருப்பவர் வில்லையை ஆணி முனையில் ஏற்றி, நடுவில் துளையுள்ள ஒரு தண்டால் தட்டி மரத்தோடு இறக்குகிறார். மிஞ்சிய ஆணியை வில்லைக்கு மேலே ஆணித் தடிப்பின் ஒன்றரை மடங்கு விட்டு வெட்டுகிறார். பிறகு சிறு உருண்டைத் தலைச் சுத்தியலால் தட்டுதல். பலத்த அடி ஆணியை மரத்துக்குள் வளைத்துவிடும். வெளியில் ஒன்றும் தெரியாது, ஒரு பருவத்தில் ஒழுகும். சிறு சிறு தட்டாக, சுற்றிச் சுற்றி, முனை காளான் குடைபோல் விரியும்வரை. வெளியே பிடிப்பவரின் கையில் கட்டி துள்ளினால் அழுத்தம் போதவில்லை. சரியாகப் படிந்த ஆணியின் சத்தம் மாறும், அன்று மாலைக்குள் அந்த வேறுபாடு உங்கள் காதுக்குப் பிடிபட்டுவிடும்.

செப்பாணி உள்ளூரில் கிடைப்பது அரிது. வெளியிலிருந்து தருவிக்கலாம். இல்லையெனில் தடித்த செப்புக் கம்பியில் தலை தட்டி ஆணியும், செப்புத் தகட்டில் அடித்தெடுத்த வில்லையும் செய்துகொள்ளலாம். தட்டத் தட்டச் செம்பு விறைக்கும். நெருப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தால் மீண்டும் இளகும்.

கிடைக்கவில்லையே என்று இரும்பாணி அடிக்க மட்டும் துணியாதீர்கள். ஈரத்தில் செம்பும் இரும்பும் பக்கத்தில் இருந்தால் இரும்பு விரைவாக அரிபடும். துவர்ப்புள்ள மரமும் இரும்பும் சேர்ந்தால் ஆணியைச் சுற்றிக் கறுத்து, அந்த இடம் நலியும். இரும்புச் சட்டியில் நின்ற தேயிலைச் சாயம் மையாகக் கறுப்பதை மலைநாட்டில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

உக்கிய பலகையை முழு நீளத்துக்கும் மாற்ற வேண்டியதில்லை. நல்ல மரம் தொடங்கும் இடம்வரை வெட்டி, சாய்வெட்டு மூட்டில் புதுத்துண்டை ஒட்டலாம். சாய்வின் நீளம் பலகைத் தடிப்பின் எட்டு மடங்கு. பாய்மரம், பருமல் (பாயைத் தாங்கும் குறுக்குக் கம்பம்) போன்றவற்றுக்குப் பன்னிரண்டு மடங்கு. இருபுறமும் மூட்டுகள் ஒரே வரிசையில் விழாமல் தள்ளித் தள்ளி அமையட்டும்.

எப்பொக்சியும் பூச்சும்

மூட்டுகளை ஒட்ட எப்பொக்சி, அதாவது இரண்டு திரவங்களைக் கலந்தால் இறுகும் பசை, நல்லது. படகு முழுவதையும் கண்ணாடிநார்த் துணியால் போர்த்தி எப்பொக்சி ஊற்றும் யோசனை யாராவது சொன்னால், தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள். விளிம்பேறிய பலகைகள் ஈரத்துக்கும் உலர்வுக்கும் விரிந்து சுருங்கி அசையும். போர்வை அசையாது, எங்கோ வெடிக்கும், வெடிப்பில் புகுந்த நீர் வெளியேறாது. வெளியே பளபளக்க உள்ளே மரம் உக்கும்.

பெரும்பாலான எப்பொக்சிகள் 10 பாகைக்குக் கீழே சரியாக இறுகா. நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் சில வேளை உறைபனியே விழும். காலையில் வெயில் ஏறியபின் ஒட்டி, இரவில் படங்கு மூடி ஒரு மின்குமிழை எரியவிடுங்கள். குளிரும் ஈரமும் சேர்ந்தால் மேலே மெழுகு போன்ற பசை பூக்கும். தேய்க்குமுன் வெறும் தண்ணீரால் கழுவித் துடைக்க வேண்டும். இல்லாவிட்டால் அதன்மேல் எதுவும் ஒட்டாது.

பூச்சுக்கு முன் மரத்தின் உட்புறத்துக்கு வெண்காரமும் போரிக் அமிலமும் ஏறக்குறைய மூன்றுக்கு இரண்டு என்ற விகிதத்தில் சுடுநீரில் கரைத்து இரண்டு மூன்று முறை தடவுங்கள். மலிவானது, பூஞ்சணத்துக்கும் கறையானுக்கும் ஆகாது. நீரில் கரைந்து வெளியேறும் குணம் உண்டு, அதனால் நன்கு காய்ந்தபின் மேலே பெயின்ட் போட்டே ஆக வேண்டும். பச்சை ஆளிவிதை எண்ணெயை உட்புறம் பூசும் பழக்கம் வறண்ட ஊர்களுக்குச் சரி. இங்கே ஒரு மழைக்காலத்தில் கறுப்புப் பூஞ்சணம் அதன்மேல் பாய் விரித்துவிடும்.

வார்னிஷ் அடிப்பதென்றால் முதல் பூச்சில் டர்பன்டைன் பாதிக்குப் பாதி. பிறகு படிப்படியாகக் கெட்டியாக, மொத்தம் ஆறு முதல் எட்டுப் பூச்சு, ஒவ்வொன்றுக்கும் இடையில் மெல்லிய அரத்தாள். பிற்பகல் இரண்டு மணிக்குமேல் தூரிகையை எடுக்காதீர்கள், மூடுபனி இறங்கினால் மேற்பரப்பு பாலாக மங்கும். புறஊதாக் கதிர் ஆயிரம் மீற்றர் ஏறும்போது ஏறக்குறைய பத்து விழுக்காடு கூடும். குளிர்கிறதே என்று வெயிலைக் குறைத்து எண்ண வேண்டாம்; அதைத் தாங்கும் வார்னிஷை வாங்குங்கள். ஆண்டுதோறும் வார்னிஷைப் பார்த்துக்கொள்ளப் பொறுமையில்லாதவர் விளிம்பையும் சுக்கான் பிடியையும் மட்டும் வார்னிஷில் விட்டு, மற்றதற்கெல்லாம் பெயின்ட் அடிப்பதே உத்தமம்.

பாயும் கயிறும்

பழைய பருத்திப் பாய் பெரும்பாலும் கிழிந்தோ பூஞ்சணம் பிடித்தோ இருக்கும். அதை அளவுக்கு வைத்துக்கொண்டு டக்ரோன் என்ற செயற்கை இழைத் துணியில் புதிதாகத் தைப்பியுங்கள். பாலாடை நிறத்தில் எடுத்தால் பழைய படகுக்கு முகம் பொருந்தும். பாயை மேலே ஏற்றும் ஆஞ்சான் கயிறு நீளாத வகையாக இருக்கட்டும். பாயைக் கையால் இழுத்துப் பிடிக்கும் தாமான் கயிறு கைக்கு மென்மையாக இருந்தால் போதும்.

நுவரெலியா உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. அதே வேகக் காற்று பாயை அந்த அளவுக்கு மெதுவாகவே தள்ளும். இதைக் கேட்டுப் பெரிய பாய் தைப்பிக்க ஓடாதீர்கள். மலை இடுக்குகளில் காற்று நின்று நின்று, திடீரென்று பக்கம் மாறி அறையும். பாயைப் பாதியாகச் சுருக்கிக் கட்டும் கண்ணிகள் இரண்டு வரிசை இருக்கட்டும்.

நீரில் இறக்குதல்

எங்கே இறக்குவது என்பதை முன்கூட்டியே பேசி வையுங்கள். 1873இல் அமைந்த கிரகரி வாவி நகரத்துக்குள் இருக்கிறது. 1965இன் காசல்ரீயும் 1969இன் மவுஸ்ஸாக்கலையும் மின் உற்பத்திக்கான நீர்த்தேக்கங்கள். அனுமதி யாரிடம் என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

இறக்குவதற்குச் சில நாட்கள் முன் நனைந்த சாக்குகளைப் படகின் உள்ளே விரித்து ஈரமாகவே வைத்திருங்கள். பலகை ஊதி, சந்துகள் இறுகும். பிறகு கரையோர ஆழமற்ற நீரில் கட்டி வைத்தால் முதல் நாள் ஒழுகும். இரண்டாம், மூன்றாம் நாளில் குறையும். ஒழுகுவதைப் பார்த்துப் பதறி, பலகை ஏறிய சந்துகளில் பஞ்சும் குங்கிலியமும் திணித்துக் கலப்பற்றுப் பார்க்காதீர்கள். அது விளிம்போடு விளிம்பு முட்டும் தோணிக்கான வைத்தியம். இங்கே செய்தால் ஊதும் பலகை போக இடமின்றி ஆணிகளை இழுத்துப் பிடுங்கும். மூன்று நாளுக்குப் பிறகும் ஓரிடத்தில் ஒழுகினால் அந்த ஆணியைப் பாருங்கள்.

மவுஸ்ஸாக்கலையில் பாய் விரிப்பவர் நீர்மட்டம் தாழும் மாதங்களில் நடுப்பலகையைக் கவனித்து இறக்க வேண்டும். பழைய மஸ்கெலியா நகரம் அந்த நீருக்கடியில்தான் இருக்கிறது. கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் வறட்சியில் தலைகாட்டும். தலைகாட்டாத சுவர்தான் படகுக்கு ஆபத்து.

பாய் சுருட்டி வந்தபின் அடித்துளையின் தக்கையைக் கழற்றி, அணியத்தை ஓரடி உயர்த்தி வையுங்கள். போர்வை கூரைபோல் நடுவில் உயர்ந்து, விளிம்புக்குக் கீழே காற்று போகும்படி தொங்க வேண்டும். பிளாஸ்டிக்கை இறுக்கிச் சுற்றிக் கட்டினால் இரவு வேர்வை முழுவதும் உள்ளேயே சொட்டும். மே மாதம் முதல் மழைக்கு முன் ஒருமுறையும் டிசெம்பரில் ஒருமுறையும் அதே கோணி ஊசியோடு அதே மூலைகளைக் குத்திப் பாருங்கள். ஈரமானி 20ஐத் தாண்டிக் காட்டும் இடத்தில் போர்வையின் ஒழுக்கைத் தேடி அடையுங்கள்.